அயர்லாந்துக்கு வழியனுப்பு

“மனிதன் இந்தப் பூமியில் விட்டுச்செல்லும் சாட்சிகளில் வீட்டுக்கு நிகரானது வேறொன்றில்லை. அரசுகள் கவிழும், ஆறுகள் திசை மாறும். இரண்டு இதயங்கள் சேர்ந்து எழுப்பிய சுவரோ தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்!”

குரியாச்சன் இப்படி முழங்கியது மூன்று வருடங்களுக்கு முன்பு, மகனுடைய புது வீட்டை மந்திரித்த நாளில், வாடகைக்கு எடுத்த மைக்கில். அவர் வாக்குப்படியே சுவர் நிற்கிறது. வடக்குப் பக்கம் மட்டும் ஈரம் கோத்து உப்பியிருக்கிறது. இதயங்கள் இரண்டும் ஆறு மாதத்துக்கு முன்பு குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெவ்வேறு ஆட்டோ பிடித்துப் போய்விட்டன.

சுவரோடு சேர்ந்து இன்னொன்றும் நிற்கிறது. வீட்டுக்கடன்.

அதில் ஷிஜோவின் பெயரும் இருக்கிறது, ரின்ஸியின் பெயரும் இருக்கிறது. ரின்ஸியின் சம்பளச் சான்றிதழ் இல்லாமல் அந்தக் கடன் கிடைத்திருக்காது. குரியாச்சன் இல்லாமல் அந்தக் கடன் தேவைப்பட்டிருக்காது. மகன் டைல்ஸ் கடையில் வேலை, மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கு இரண்டு அறை போதும். ஆனால் ரப்பர் வளர்ப்போர் சங்கத்தின் முன்னாள் தலைவருடைய மகன் மாடியில்லாத வீட்டில் இருப்பதாவது! மாடி வந்தது. கார் வராத கார் ஷெட் வந்தது. வாசல் கருங்கல்லில் மகன் பெயரையும் மருமகள் பெயரையும் ஒட்டவைத்து ‘ஷிஜோரின்’ என்று வெட்டினார்கள். அங்கமாலியில் அது எல்லாரும் செய்வதுதான். மூக்கடைப்புக்கு விடும் சொட்டுமருந்தின் பெயர்போல இருக்கிறதே என்று மட்டும் குரியாச்சனிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

இருவரும் பிரிந்ததற்கு ஊருக்குச் சொல்லும்படியாக ஒரு காரணமும் கிடையாது. சண்டை இல்லை, குடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது, நின்றது என்பதே இருவருக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. குரியாச்சனால் பொறுக்க முடியாததும் அதுதான்.

“குடிக்கவாவது செஞ்சிருக்கலாமேடா! நாலு பேர் கேட்டா ஒரு பதில் சொல்ல வேணாமா?” என்று மகனிடம் வருத்தப்பட்டார்.

கோர்ட் விவகாரத்தை அவர் பங்குக் கோயிலுக்கும் அங்குள்ள பாதிரியாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். வங்கிக்குத் தெரிந்தது; வங்கி அசரவில்லை. “கோர்ட்டு உங்களைப் பிரிச்சிருக்கலாம். பேங்க் பிரிக்கலையே” என்றார் மேனேஜர், இருவருக்கும் தேநீர் வரவழைத்துக் கொடுத்து. வீட்டை விற்றுக் கடனை மொத்தமாக அடைத்தால்தான் ரின்ஸியின் பெயர் அதிலிருந்து வெளியே வரும்.

ரின்ஸிக்கு வேண்டியது அவ்வளவுதான். பெயர் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஷிஜோவிடமிருந்து அவள் போனுக்கு ஒரு வார்த்தை வரும்: ‘போட்டாச்சா?’ அவள் தன் பங்குத் தவணையைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை அனுப்புவாள்: ‘போட்டாச்சு.’ ஒரு கல்யாணத்தில் மிச்சமிருந்த பேச்சு அது. கடன் முடியப் பதினேழு வருடம் இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாம் தேதி.

*

அயர்லாந்து யோசனையைப் போன வாரம் கொடுத்தவர் தரகர் பைலி.

“எதுக்கு விக்கிறீங்கன்னு கேப்பாங்க. பிரிஞ்சுட்டோம்னு சொன்னீங்கன்னு வைங்க, ராசியில்லாத வீடுன்னு ஓடிடுவாங்க. கடன் தாங்கலைன்னு சொன்னா பாதி விலைக்குக் கேப்பாங்க. வெளிநாடு போறோம்னு சொன்னா மட்டும்தான் மேற்கொண்டு கேள்வியே வராது. அங்கமாலில வீட்டை விக்கிறவன் எல்லாம் வெளிநாடு போறவன்தான். அதான் மரியாதையான காரணம்.”

“எந்த நாடு?” என்று ஷிஜோ கேட்டான், பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பவனைப்போல.

“நர்ஸுக்கு இப்ப அயர்லாந்துதான். கனடா பழசாப் போச்சு.”

வாங்க வந்தவர் ஏலிக்குட்டி. மகளும் மருமகனும் தோஹாவில் இருக்க, அவர்களுக்காக வீடு தேடி ஆலுவாயிலிருந்து அடுத்த தெருவுக்கு வாடகைக்கு வந்திருந்தார். ஏற்கெனவே மூன்று வீடுகளை வேண்டாம் என்று தள்ளியவர். ஒன்றில் சாவு நடந்திருந்தது, ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருந்தார்கள், மூன்றாவதை விற்பவர்கள் காரணம் சொல்லாமல் சிரித்தார்கள். அயர்லாந்து என்றதும் ஏலிக்குட்டி தலையாட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை அதன் அளவிலேயே வைத்திருக்கக் குரியாச்சனுக்குத் தெரியாது. அவருக்கு அது சிறியதாகப்பட்டது. அன்றே பங்குப் பாதிரியாரான விகாரியச்சனைப் பார்த்து, “நம்ம பிள்ளைங்க கடல் தாண்டிப் போறாங்க அச்சோ, உங்க ஆசீர்வாதம் வேணும்” என்று சொல்லிவிட்டு வந்தார். புதன்கிழமைக்குள் கோயில் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. ரின்ஸி ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்கியது ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பதற்காம். ஷிஜோ அப்பன் வீட்டில் கிடந்தது சாப்பாட்டுக்காகவாம். ஒன்றரை வருடமாக ஊர் மென்றுகொண்டிருந்த சந்தேகங்களையெல்லாம் அயர்லாந்து ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

*

இரண்டாவது பூசை முடியும் நேரம். பெண்கள் பக்கத்தில் ரின்ஸி மூன்றாவது வரிசையில் நின்றாள். நான்காவது வரிசையில், சரியாக அவள் முதுகுக்குப் பின்னால், ஏலிக்குட்டி.

விகாரியச்சன் அறிவிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டுத் தொண்டையைச் சரிசெய்தார்.

“நம் பங்கின் பிள்ளைகளான ஷிஜோவும் ரின்ஸியும் அயர்லாந்துக்குப் புறப்படுகிறார்கள். அங்கே தேவாலயங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று கேள்விப்படுகிறோம். அந்தக் குளிர்தேசத்தில் விசுவாசத்தின் விளக்குகளாக எரிய வேண்டிய கடமை நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இருவரும் முன்னால் வாருங்கள்.”

இங்கேயும் பின்வரிசைகள் காலிதான். நிரப்ப வேண்டியவர்கள் எல்லாரும் அயர்லாந்தில் இருந்தார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஷிஜோ வந்தான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தான்; குரியாச்சனின் ஏற்பாடாக இருக்கும். பலிபீடத்துக்கு முன்னால் இருவரும் முழங்காலில் நின்றார்கள். ஐந்து வருடம் முன்பு நின்ற அதே இடம், அதே பளிங்கு. ரின்ஸிக்கு எதுவும் தோன்றவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால் அது யாருடைய கன்னமோபோல இருக்குமே, அப்படி இருந்தது. முழங்கால் மட்டும் கொஞ்சம் வலித்தது.

“சிரி. வீடியோ எடுக்கிறாங்க” என்றான் ஷிஜோ, உதடு அசையாமல்.

சிரித்தாள். அது எளிதாக வந்தது. கல்யாண வாழ்க்கையின் கடைசி வருடம் முழுவதும் அவள் விருந்துகளில் செய்த வேலை அதுதான்.

அச்சன் இருவர் தலையிலும் கை வைத்தார். கோயில் நிர்வாகியான கைக்காரர் ஒருவர் பங்கின் அன்பளிப்பாகச் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் பங்கின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது, விமான நிலையத்தில் மற்ற பங்குக்காரர்களும் படிக்கட்டும் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். குரியாச்சன் தனக்குத் தட்டியதாக எடுத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டார்.

வெளியே படிக்கட்டில் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“விசா வந்தாச்சா?”

“வராமலா கோயில்ல சொல்வோம்?” என்றார் குரியாச்சன்.

“ஷிஜோவுக்கு அங்க என்ன வேலை தலைவரே?”

“டைல்ஸ்தான். அங்கயும் தரை இருக்குல்ல?”

பக்கத்து வீட்டுத் திரேசியாக்குட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ரின்ஸியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் லிஜின் அங்கேதான் நர்ஸாக இருந்தான்.

“எந்த ஊரு மோளே? டப்ளினா?”

ரின்ஸி மாமனாரைப் பார்த்தாள்.

“டப்ளின்தான்!” என்றார் குரியாச்சன். அந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே ஊர்.

“ஐயோ, என் லிஜினும் டப்ளின்தான்! என்னைக்குப் புறப்படுறீங்க?”

“பதினெட்டாம் தேதி. ராத்திரி விமானம்” என்றார் குரியாச்சன், டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரைப்போல மார்பைத் தட்டி.

ஷிஜோ பைலியைத் தூணுக்குப் பின்னால் இழுத்தான்.

“பைலிச்சேட்டா, எங்கிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது.”

“வீடு விக்கிறதுக்குப் பாஸ்போர்ட் எதுக்குடா? ஆதார் போதும்.”

*

மதியச் சாப்பாடு ‘ஷிஜோரின்’ வீட்டில். அங்கேயே சமைத்தமாதிரி இருக்க வேண்டும் என்று பைலி சொல்லியிருந்தார். குரியாச்சனின் மனைவி, ஷிஜோவின் அம்மச்சி, விடிவதற்கு முன்பே தன் வீட்டில் சமைத்து, அப்பம், இறைச்சி ஸ்டூ, கூர்க்கைக்கிழங்கு போட்ட பன்றிக்கறி, மாங்காய்க்கறி எல்லாவற்றையும் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து அடுப்பின்மேல் ஏற்றி வைத்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. சிலிண்டர் காலியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

குரியாச்சன் காலையிலேயே வந்து திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்த சிவப்பு பல்பை மாற்றியிருந்தார். வடக்குச் சுவரின் ஈரத்தை மறைக்கத் தன்னுடைய சங்கப் பாராட்டுப் பத்திரத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து மாட்டியிருந்தார். அது ஈரத்தில் பாதியைத்தான் மறைத்தது.

ஏலிக்குட்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் ஒவ்வோர் அறையாகப் போனார். குழாயைத் திறந்து பார்த்தார். அது இருமியது. அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பார்த்தார். மாடிக்குப் போய் வந்தார். கூடவே போன குரியாச்சன், “இந்த ஜன்னல் தேக்கு... இந்தக் கைப்பிடி பர்மாத் தேக்கு...” என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறங்கினார்.

“எனக்குக் காது நல்லாக் கேக்கும் பிரசிடெண்டே” என்றார் ஏலிக்குட்டி.

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏலிக்குட்டி மாங்காய்க்கறியை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

“ரொம்ப நல்லாருக்கு மோளே. ஒரு கல் உப்பு மட்டும் வேணும். எடு.”

ரின்ஸி எழுந்து சமையலறைக்குள் போனாள். மேல் அலமாரியைத் திறந்தாள். ஒரு கரப்பான் பூச்சி செத்துக் கிடந்தது. கீழே திறந்தாள். பழைய செய்தித்தாள். அவள் அந்த அலமாரிகளுக்கு எதிரே ஒன்றரை வருடம் நின்று சமைத்திருக்கிறாள். உப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. வராததற்கு வருத்தமும் வரவில்லை. பின்னால் ஏலிக்குட்டி வந்து நிற்பது தெரிந்தது.

“உப்பு தீந்துடுச்சு” என்றான் ஷிஜோ வாசலிலிருந்து. “போகப் போறோம்ல, இனி வாங்கி என்னத்துக்குன்னு விட்டுட்டோம்.”

“உப்பு மட்டுமா?”

“சர்க்கரையும்.”

ஏலிக்குட்டி அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், செத்த கரப்பானையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உப்பில்லாமலே போய் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் பன்றிக்கறி போட்டுக்கொண்டார்.

*

ஒப்பந்தத்தைப் பைலி வாசிக்க ஆரம்பித்த நேரத்தில் திரேசியாக்குட்டி ஒரு பையோடு வந்தாள். அவளுக்கு முன்பே வேறு மூன்று வீட்டுக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். முன்வராந்தாவில் குழலப்பம், நேந்திரங்காய் வறுவல், அவலோஸ்பொடி, ஒரு புட்டுக்குழாய், யாரோ ஒருவருடைய பேத்திக்குத் தைத்த பட்டுப்பாவாடை எல்லாம் டப்ளின் முகவரியோடு வரிசையாக இருந்தன.

“இது மாட்டிறைச்சி ஊறுகாய். என் லிஜினுக்கு இது மட்டும் போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டான். இரு, அவன்கிட்டயே பேசு” என்று திரேசியாக்குட்டி போனில் மகனைக் கூப்பிட்டு ரின்ஸியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

திரையில் கம்பளித்தொப்பி போட்ட ஒரு பையன் தெரிந்தான்.

“ரின்ஸிசேச்சி! எந்த ஆஸ்பத்திரி?”

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பைலி ஒப்பந்தத்தின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“பெரிய ஆஸ்பத்திரி” என்றாள் ரின்ஸி.

“ஓ, அதுவா! என் ரூம்லேர்ந்து பக்கம்தான். பதினெட்டாந்தேதின்னா பத்தொம்பது இங்க வந்துடுவீங்க. நான் லீவு போட்டுட்டு ஏர்போர்ட்டுக்கே வர்றேன். சேச்சி, ஊறுகாயை மட்டும் பெரிய பெட்டியில, துணிக்கு நடுவுல வச்சுடுங்க. கையில வச்சா புடுங்கிடுவானுங்க. ரெண்டு வருஷமாச்சு அதைத் தின்னு.”

“சரிடா மோனே” என்றாள் ரின்ஸி. பையன் சந்தோஷமாகக் கையாட்டினான். அவளும் ஆட்டினாள். எத்தனையோ நோயாளிகளிடம் ‘நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்’ என்று சொன்ன குரல் அது. அதற்குப் பழக்கம் இருந்தது.

திரேசியாக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பைலி மறுபடி வாசித்தார். விலை, முன்பணம், எட்டு சென்ட் நிலம், நான்கு எல்லை. தோஹாவிலிருந்து பணம் வந்ததும் முதலில் வங்கிக் கடன் அடையும், பத்திரங்கள் வெளியே வரும், இருபத்தேழாம் தேதி பதிவு.

“இருபத்தேழா?” என்றார் ஏலிக்குட்டி. “பதினெட்டாந்தேதி இவங்க பறக்கப் போறாங்களே?”

பைலி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“அது... விமானம் தள்ளிப்போகுமாம்” என்றார் பைலி.

“இன்னும் பதிமூணு நாள் இருக்கு. இப்பவே தெரிஞ்சுடுச்சா?”

“அயர்லாந்துக்காரங்க எதையும் முன்கூட்டியே சொல்லிடுவாங்க” என்றார் குரியாச்சன்.

ஏலிக்குட்டி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒப்பந்தத்தை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒரு வரி சேக்கணும். பூட்டிக் கெடந்த வீட்டுல எம்பொண்ணு காலெடுத்து வைக்க மாட்டா. அடுப்பு எரியணும், சாயங்காலம் ஜெபம் நடக்கணும். பதிவு ஆகுற வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் இந்த வீட்டுலயே குடியிருக்கணும். அப்படி இல்லைன்னா முன்பணம் திரும்பி வரணும், வீடு வேணாம்.”

“இருக்கத்தானே செய்றாங்க!” என்றார் குரியாச்சன்.

“அப்ப எழுதறதுக்கு என்ன?”

குரியாச்சன் ஒப்பந்தத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார், மகன் தான் தேர்ந்தெடுத்துப் பதித்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பைலி மட்டும் பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார். தரகுக்கு யார் எங்கே குடியிருந்தாலும் ஒன்றுதான்.

ரின்ஸி யோசித்தாள். யோசிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மனிதனிடமிருந்து பிரிவதற்கு இந்த மனிதனோடு மூன்று வாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதினேழு வருடம், மாதம் ஒரு வார்த்தை. காலைப் பணிக்கு அங்கமாலியிலிருந்து முதல் பேருந்து பிடித்தால் போய்விடலாம். ஹாஸ்டலில் அவள் கட்டிலுக்குக் காத்திருக்கும் பெண்கள் உண்டு. மூன்று வாரம் கேட்டால் வார்டன் திட்டிக்கொண்டே விடுவார்.

ஷிஜோ குனிந்து மெதுவாகக் கேட்டான்: “உனக்கு இது சரியா?”

அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். வீட்டின் வரைபடம் வந்தபோது அவன் இதைக் கேட்கவில்லை. மாடி போட்டபோது கேட்கவில்லை. வாசல் கல்லில் பெயர் வெட்டியபோதும் கேட்கவில்லை. அவளும்தான் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

“பேனாவைக் குடு” என்றாள்.

பைலி ஒரு வரியைச் சேர்த்து எழுதினார். முதலில் ரின்ஸி கையெழுத்துப் போட்டாள். பிறகு ஷிஜோ. சாட்சியாகக் குரியாச்சன், ‘முன்னாள் தலைவர், ரப்பர் வளர்ப்போர் சங்கம்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதி. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் செங்குத்தாக இறங்கின.

ஏலிக்குட்டி எழுந்தார்.

“அப்ப நான் ஏழு மணிக்கு வர்றேன்.”

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டார் குரியாச்சன்.

“ஜெபத்துக்கு. அடுத்த தெருதானே. இனிமே தினமும் இங்கேயே முடிச்சுக்கறேன். நான் தனியா ஜெபிச்சா தூக்கம் வந்துடுது.”

*

எல்லாரும் போய்விட்டார்கள். அம்மச்சி பாத்திரங்களைக் கழுவாமலே கூடையில் அடுக்கிக்கொண்டு போனாள். கழுவ அங்கே சோப்பு இல்லை. மிச்சமிருந்த சாப்பாடும் பாத்திரங்களோடு போனது. பாராட்டுப் பத்திரத்தைக் குரியாச்சன் கழற்றி எடுத்துக்கொண்டார். அதை ஈரத்தில் விட அவருக்கு மனம் இல்லை.

ரின்ஸி ஹாஸ்டலுக்குப் போய்ப் பங்கு கொடுத்த பெட்டியில் தன் துணிகளை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பேருந்தில் பெட்டியைப் பார்த்த ஒருவர், “எந்த நாட்டுலேர்ந்து வர்றீங்க?” என்று கேட்டார். “அயர்லாந்து” என்று சொல்லிவிட்டாள். அதுவே வசதியாக இருந்தது.

ஏழு மணிக்கு ஏலிக்குட்டி வந்தார். சிவப்பு பல்பு எரிந்தது. மூவரும் பாயில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னார்கள். ஏலிக்குட்டி நடுநடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். முடிந்ததும், வழக்கப்படி, ஒருவருக்கொருவர் இயேசுவின் பெயரால் ஸ்துதி சொல்ல வேண்டும். இருவரும் ஏலிக்குட்டியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிச் சொன்னார்கள். அவர் போகாமல் நின்றார்.

“உங்களுக்குள்ள சொல்லலையா?”

ஷிஜோ ரின்ஸியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “ஈசோவுக்கு ஸ்துதி.”

“எப்போதும் ஸ்துதி” என்றாள் ரின்ஸி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஒரு நோயாளியின் காதோரத்தைக் கவனித்திருந்தாலும் அவள் இவ்வளவுதான் உணர்ந்திருப்பாள்.

ஏலிக்குட்டி படியிறங்கினார். வாசல் கருங்கல்லுக்கு அருகில் நின்று, தடவிப் பார்த்துவிட்டு, இருவருக்கும் கேட்கும்படிச் சொன்னார்:

“நாளைக்கு வரும்போது உப்பு கொண்டுவர்றேன். பழைய வீட்டை விட்டு நான் தனியா வந்தப்பவும் என் சமையலறையில உப்பு இல்ல.”

எவ்வளவு தெரிந்துகொண்டு அதைச் சொன்னார் என்று இருவருக்கும் விளங்கவில்லை. கேட்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

ரின்ஸி முன்வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷிஜோ போனைக் கையில் எடுத்தான், ஏதோ அடிக்கப் போனான், பிறகு அவள் எதிரிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தான்.

“போட்டாச்சா?” என்று கேட்டான்.

“போட்டாச்சு.”

“சாப்பாடு?”

வீட்டில் அரிசி இல்லை, எரிவாயு இல்லை, உப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமையாதலால் முக்குக்கடையும் சாத்தியிருந்தது. இருவரும் டப்ளினுக்குப் போக வேண்டிய பொட்டலங்களைப் பார்த்தார்கள்.

முதலில் நேந்திரங்காய் வறுவலைப் பிரித்தார்கள். லிஜினுக்குத் திரேசியாக்குட்டி கொடுத்தனுப்பிய மாட்டிறைச்சி ஊறுகாயை, ஆளுக்குப் பாதியாக, அந்த ஒரு வேளையிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள்.